இளஞ்சிவப்பு பிளாஸ்மா

சர்க்கரை போட்ட மாத்தே இலைத் தேநீர் எனக்குப் பிடிக்காது, ஐயா. மொண்டெவிதேயோ ஊர்க்காரன் எவனுக்கும் பிடிக்காது. ஆனாலும் கூட வேலை பார்த்த இர்மா கலந்து தந்ததைப் பதினோரு வருடம் முகம் சுளிக்காமல் குடித்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். அப்படிப் பழகியவர்கள்.

ரத்த அணுக்களை முதிரச் செய்வதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற மரபணுத் துணுக்குகளுக்குப் பங்கு உண்டு. ஒரு துணுக்கு அடங்கிப்போனால் முதிராத அணுக்கள் பெருகி ரத்தப் புற்றுநோய் வருகிறது. அந்தத் துணுக்கைக் கண்டுபிடித்தவன் நான். அதைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் இருந்ததோ இர்மாவின் பெயர் மட்டும். ஏன் என்று கேட்டேன்.

"நமக்குள்ள என்ன அன்செல்மோ, உன் பேரு என் பேருன்னு? அடுத்ததுல போட்டுக்கலாம் விடு," என்று குடுவையை நீட்டினாள்.

குடித்துவிட்டு நன்றி சொன்னேன். இங்கே நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று பொருள். அவள் கவனிக்கவே இல்லை. கூடப் பிறந்தவளாக நினைத்திருந்தேன்.

பிறகு மருத்துவமனையில் குழந்தைகளுக்கு அவள் ஒரு சோதனை தொடங்கினாள். பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் மஞ்சள் நீரில், அந்தத் துணுக்கு நிறைய இருந்தால் நோய் திரும்பவில்லை, மருந்தை நிறுத்தலாம். ஆனால் சிவப்பணுக்களுக்குள்ளும் அது ஏராளம். ரத்தம் எடுத்த ட்யூபைக் குலுக்கினால் அவை உடைந்து, பிளாஸ்மா இளஞ்சிவப்பாகி, அளவு பொய்யாக ஏறும். அப்படிப்பட்டதைக் கொட்டிவிட்டு மறுபடி ரத்தம் கேட்பது என் வேலை. நிறத்தைப் பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

ஆறு குழந்தைகளின் ட்யூபைக் குலுக்கினேன். நிறம் மஞ்சள் என்று எழுதினேன். இர்மாவின் சோதனை உதவாது என்று ஊருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். அதற்கு யாருக்காவது நோய் திரும்பியாக வேண்டும்.

லூசிலாவுக்கு ஒன்பது வயது. மருந்தை நிறுத்திய அன்று அவள் அம்மா கேக் கொண்டுவந்தார்.

"உங்க கையாலதான் சார் எங்களுக்கு நல்ல சேதி வந்துச்சு," என்றார்.

கேக் நன்றாக இருந்தது. இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான்கு மாதத்தில் நோய் திரும்பியது. ஆகஸ்டில் அடக்கம் செய்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகள் படுக்கையில் கிடக்கிறார்கள்.

நேற்று விசாரணைக் குழு முன்னால் இர்மா முதன்முறையாக என் பெயரைச் சொன்னாள். இது அன்செல்மோவின் கண்டுபிடிப்பு, நம்பி மோசம் போனேன் என்றாள். பாராட்டு வந்தபோது மறந்தவளுக்குச் சாவு விழுந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

அதைப் பொறுக்கமாட்டாமல்தான் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன். குலுக்கியது நான். லூசிலாவைக் கொன்றது நான். என் கண்டுபிடிப்பில் ஒரு பிழையும் கிடையாது, ஐயா. அதை முதலில் எழுதுங்கள்.