முடிவை மட்டும் மாற்றச் சொன்னேன்

கதை படிக்க உட்கார்ந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பூந்தமல்லியில் வாசகசாலை நடத்துபவன் நான்தான். ஒரு பத்திரிகையைச் சர்க்கார் நிறுத்தியபோது கண்டனக் கூட்டம் போட்டதும் நான்தான். எழுதுகிறவன் வாயை யாரும் அடைக்கக் கூடாது என்று பேசினேன். இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

கோதண்டம் என் பக்கத்து வீட்டுக்காரன், பால்ய சிநேகிதன். நாற்பத்திரண்டில், ஊரெல்லாம் மறியலும் கைதுமாக இருந்தபோது, புதிதாக எழுதிய கதையொன்றை எனக்குப் படித்துக் காட்டினான். வாந்திபேதி கண்ட ஒருத்தியைப் புருஷன் வீட்டார் வண்டியில் கொண்டுவந்து அண்ணன் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அண்ணன் கதவைத் திறக்கவில்லை.

கதையில் வந்த அவள் என் தங்கை நாகவல்லி. திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். உள்ளே என் குழந்தைகள் இருந்தார்கள்; யாராயிருந்தாலும் தாழ் போட்டிருப்பார்கள். “அண்ணா, தண்ணியாச்சும் குடு” என்றாள். சோறு ஆறிவிடுமே என்று நான் சாப்பிட உட்கார்ந்தேன். கடைசியில் தண்ணீர் கொடுத்தவன் கோதண்டம். அவன் மடியில்தான் உயிர் போயிற்று. அன்றைக்கு நான் ஊரில் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அவனும் பல வருஷம் வாய் திறக்கவில்லை.

“முடிவை மட்டும் மாத்திடு. அண்ணன்காரன் தொறக்கறா மாதிரி எழுது” என்றேன்.

“பேரத்தான் மாத்திட்டேனே, லோகு. அவ கதவத் தட்னது இன்னும் காதுல கேட்டுகினே கீது. அத்த நான் இன்னான்னு மாத்தறது?”

நியாயமான பதில். எனக்குக் கோபமே வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் ஆவடிக்குப் போயிருந்தான். தடை செய்த துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்றை அவன் வீட்டுப் பரணில் சொருகினேன். அவன் பெண்சாதி வடிவு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

போலீஸார் அவன் எழுதி வைத்திருந்ததையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். விலங்கு மாட்டும்போது, “லோகு, வடிவப் பாத்துக்கடா” என்றான். பார்த்துக்கொள்கிறேன். அரிசி தவறாமல் போகிறது.

காவலில் அடித்திருக்கிறார்கள். காய்ச்சல் கண்டு, ஜெயிலிலேயே செத்துப்போனான். இரங்கல் கூட்டத்தில் எழுத்துச் சுதந்திரத்தைப் பற்றி நான் பேசினேன். வடிவு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சங்கதியை எழுதிக்கொண்டிருந்தவனை இன்று தியாகி என்கிறார்கள். அந்தக் கௌரவத்தை அவனுக்கு வேறு யார் தேடிக்கொடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.