கடிகாரக்காரருக்கு வராத தோள்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவரே, காலமெல்லாம் ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டி, இன்று என் பேச்சுக்கும் பச்சைக்கொடி காட்டியிருக்கும் எங்கள் கார்டு ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தோரே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்த முன்யோசனைக்காரர்களே! இடம் கிடைக்காமல் சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் சகோதரர்களே! தம் வீட்டுத் துக்கத்துக்கும் அழுது, அடுத்த வீட்டுத் துக்கத்துக்கும் அழுத தாய்மார்களே! முதல் வரிசையின் ஓர நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும், மறைந்த கடிகாரக்காரரின் துணைவியாரே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பழைய மூட்டைக்காரனின் வணக்கம்.

எழுதி வந்ததைத்தான் படிக்கப் போகிறேன். எழுத்து என்னும் விருந்தாளி என் வீட்டுக்கு மிகவும் பிந்தி வந்தார். வந்தவரை விரட்டி வேலை வாங்க முடியுமா? உட்கார வைத்து, உபசரித்து, மெல்லத்தான் அழைத்து வர வேண்டும். ஆகவே மெதுவாகப் படிப்பேன். அவசரம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஒருவரும் எழவில்லை. நன்றி.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் குழுவுக்குத் தோள் கொடுப்போர் குழு என்று பெயர். உறவு இல்லாதவர், உறவு இருந்தும் தூரத்தில் இருப்பவர், பிள்ளை பெற்றும் பிள்ளை வராதவர், இவர்களில் ஒருவர் இறந்தால் போய் நிற்போம். ஆண்கள் தூக்குவோம். பெண்கள் அந்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இவ்வளவுதான் நம் கொள்கை. இதற்குக் கொடி இல்லை, கோஷம் இல்லை, கூலியும் இல்லை.

செய்தி எப்படி வரும்? மின்னஞ்சலில் வரும். வாட்ஸ்அப்பில் போடலாமே என்று அன்றைக்கு ஒருவர் கேட்டார். "காலை வணக்கம்னு ரோஜாப்பூ வரும், அதுக்குக் கீழே பிணம் வருமா?" என்று நம் செயலாளர் தங்கச்சி ஒரே கேள்வியில் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். அவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். எதை எந்த டப்பாவில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர். ஆகவே மின்னஞ்சல். அதிலும் ஒரு விதி வைத்தோம். பதில் எழுதாதே, வந்து நில். துக்க வீட்டுக்குப் போகிறவன் கடுதாசி எழுதிக்கொண்டிருப்பானா? ஆண்டுக்கணக்காக அந்த விதி நம்மைக் கைவிடவில்லை. செய்தி போகும், தோள் வரும். செய்தி போகும், தோள் வரும்.

அப்படி வந்த தோள்களில் முதல் தோள் யாருடையது? கடிகாரக்காரருடையது! பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்க முடியாத அந்தச் சின்னக் கடையில், கண்ணில் கண்ணாடிக் குழாயைச் செருகிக்கொண்டு குனிந்திருப்பாரே, அவர்தான். செய்தி வந்தால் கடையைப் பாதி இழுத்துவிட்டு வந்து நிற்பார். "ஊர் நேரத்தை எல்லாம் நீ சரி பண்றே, உன் கடை நேரம் மட்டும் சரியில்லையே" என்று நான் கேலி செய்வேன். "செத்தவருக்கு என்னண்ணே நேரம்? நமக்குத்தான் நேரம்" என்பார். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் வீட்டுப் பாடையில் அவர் தோள் பட்டிருக்கிறது? கை தூக்குங்கள் பார்க்கலாம். போதும், போதும், இறக்குங்கள். என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் கடிகாரக்காரர் இறந்தார். செயலாளர் செய்தி அனுப்பினார். மருத்துவமனையின் பின்வாசலில், பிணவறைக்கு எதிரே, துருப்பிடித்த தள்ளுவண்டி நிற்கும் அந்த இடத்தில், நாங்கள் காத்து நின்றோம். யார் நாங்கள்? அவர் மனைவி, செயலாளர், நான். அவ்வளவுதான்! வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. வாசலைத் திறக்கும் ஊழியர் ஒருமுறை எட்டிப் பார்த்தார், மறுமுறையும் பார்த்தார். "பெரியவரே, உங்க ஆளுங்க வராங்களா இல்லையா? உள்ளே இடம் வேணும்" என்றார். செயலாளர் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் வேலையில், ஒருவர் பயணத்தில், ஒருவர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: "என்னம்மா சொல்றீங்க, எப்போ?"

கடைசியில் தூக்கியது யார்? சவ வண்டி ஓட்டி வந்தவர் ஒரு பக்கம், வாசல் ஊழியர் ஒரு பக்கம், யாரையோ பார்க்க வந்து வழி தவறிய அயலார் ஒருவர், நான்காவதாக நான். நூறு பேரைச் சுமந்தவருக்கு வாய்த்தது இரவல் தோள்! அப்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்கள். என் காதில் இன்னும் அந்தக் கேள்வி கிடக்கிறது. "யாரோட கடிகாரத்தையாவது அவரு திருப்பிக் குடுக்காம விட்டுட்டாராண்ணே? யாருக்காவது கெடுதல் பண்ணினாரா? சொல்லிடுங்க, நான் குடுத்துடறேன்."

கேட்டீர்களா? கணவனைப் பறிகொடுத்தவர் அதன்பிறகு போய்க் கடையைச் சோதித்திருக்கிறார். வாங்கிப் போகாமல் கிடந்த கடிகாரங்களை எல்லாம் ஒரு துணியில் கட்டி வைத்து, எதற்காக ஊர் தன் கணவரை ஒதுக்கியது என்று தேடியிருக்கிறார்! இதைவிடக் கொடிய தண்டனை எந்த நீதிமன்றத்தில் உண்டு?

யாரது பின்னால்? "மெயில் கம்பெனிக்காரனைத் திட்டு" என்கிறாயா? திட்டாமல் விடுவேனா? பொறு தம்பி, அங்கேதான் வருகிறேன்.

செயலாளர் அனுப்பிய செய்தி அன்று உங்கள் கண்ணில் படவே இல்லை. அதை உங்களிடம் சேர்க்காமல் தடுத்தது அந்த மின்னஞ்சல் கம்பெனி. அந்தக் கம்பெனிக்குச் செயலாளர் எழுதினார். உடனே பதில் வந்தது. "அன்புள்ள பயனரே, உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." அடுத்த வரி என்ன தெரியுமா? "இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்." ஆகா! நாமும் பதில் எழுதாதே என்றோம், அவர்களும் பதில் எழுதாதே என்கிறார்கள். நாம் சொன்னது ஓடி வருவதற்கு. அவர்கள் சொன்னது ஓடி ஒளிவதற்கு!

விட்டோமா? நகரத்தில் அவர்களுக்கு ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். தரை அப்படி ஒரு வழவழப்பு. கோபத்தோடு நடந்தால் வழுக்கி விழ வேண்டும், அதற்காகவே போட்டிருப்பார்கள். வரவேற்பில் ஒரு பெண்பிள்ளை. நல்ல பிள்ளைதான், தண்ணீர் கொடுத்தது.

"யாரைம்மா பார்க்கணும்?" என்றேன்.

"இங்கே விளம்பரப் பிரிவு மட்டும்தான் தாத்தா. மெயிலை நிறுத்துறது எல்லாம் ஆள் பண்றதில்லை, சிஸ்டம் பண்ணும்."

"சரிம்மா, அந்த சிஸ்டம் எந்த மாடியில உட்கார்ந்திருக்காரு? நான் படியேறிப் போய்ப் பேசிக்கறேன்."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "அவருக்கு மாடி இல்லை தாத்தா" என்றது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. நான் மூட்டை தூக்கிய காலத்தில் கூலிக் கணக்குக் கேட்டால் மேஸ்திரி வருவார். மேஸ்திரியைக் கேட்டால் முதலாளி வருவார். அடிப்பதற்கோ அழுவதற்கோ எதிரே ஒரு முகம் இருக்கும். முகமே இல்லாதவனிடம் எப்படி முறையிடுவது? மனு கொடுக்க ஒரு மேசை இல்லை, மன்றாட ஒரு மனிதன் இல்லை!

விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார் செயலாளர். ஒருநாள் காரணம் வந்தது. மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, கம்பெனி இல்லண்ணே. நாமதான்" என்றார்.

அதில் எழுதியிருந்தது இதுதான்: இந்தக் குழுவின் அஞ்சல்கள் தங்களுக்கு வேண்டாதவை என்று, அவற்றைப் பெற்றவர்களே திரும்பத் திரும்பப் புகார் செய்துள்ளார்கள்.

யார் புகார் செய்தது? நீங்கள்! ஆம், இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள்தான்! முணுமுணுக்க வேண்டாம், முழுவதும் கேளுங்கள். சாவுச் செய்தியைப் படித்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கிழித்துப் போட வேண்டும் என்பது நம்மவர் பழக்கம். காகிதமாக வந்த வரைக்கும் கிழித்தோம். போனில் வந்தால் எப்படிக் கிழிப்பது? நம் செல்போன் கடைத் தம்பியிடம் கேட்டோம். தம்பி நல்ல மனதோடு சொன்னார். "டெலீட் பண்ணினா அது போனுக்குள்ளேயே குப்பைத் தொட்டியிலே கிடக்கும்க்கா. ஸ்பேம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க. அப்புறம் உங்க வாசப்படியை மிதிக்காது." ஸ்பேம் என்றால் போக்கிரிகளும் பித்தலாட்டக்காரர்களும் அனுப்பும் அஞ்சலை அடைத்து வைக்கும் பெட்டி. நாம் துக்க வீட்டுக்குப் போய்வந்து, குளித்துவிட்டு, பக்தியோடு அந்தப் பொத்தானை அமுக்கினோம். ஒவ்வொரு சாவுக்கும் அமுக்கினோம். சிஸ்டம் சொன்னபடி செய்தது. அப்புறம் வாசற்படியை மிதிக்கவே இல்லை!

செல்போன் கடைத் தம்பி, தலையைத் தூக்கு. உன்னைக் குத்த நான் மேடை ஏறவில்லை. மரியாதைக்காகச் செய்ததை வெறுப்பு என்று எண்ணிக்கொண்டது அந்த இயந்திரம். அது எண்ணும், எண்ணிக்கொண்டே இருக்கும், ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்காது. கேட்கத் தெரியாத ஒன்றிடம் ஊரின் துக்கத்தையே ஒப்படைத்தோமே, அது யார் குற்றம்? இரண்டு பேரையும் நான் மன்னிக்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரனையும் மன்னிக்கவில்லை, நம்மையும் மன்னிக்கவில்லை.

எனக்கு மட்டும் எப்படிச் செய்தி வந்தது என்று கேட்கலாம். நான் எதையும் கிழிப்பதில்லை, ஐயா! எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு செய்தியைப் படித்து முடித்துவிட்டு அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வருமா? கேஸ் கம்பெனி அனுப்பியதைக்கூட வைத்திருக்கிறேன். சாவுச் செய்தியும் எனக்குப் படிக்கக் கிடைத்த நாலு வரி. அதனால் மட்டுமே அன்று பின்வாசலில் ஒற்றைத் தோள் நின்றது.

இப்போது எல்லோரும் போனை எடுங்கள். எடுங்கள்! ஸ்பேம் பெட்டியைத் திறங்கள். தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் திறந்து கொடுங்கள். பூக்காரத் தங்கச்சி, கிடைத்ததா? எழுந்து நின்று சத்தமாகப் படி. அந்த அம்மாவுக்குக் கேட்க வேண்டும்.

"லாட்டரியிலே பரிசு விழுந்திருக்குன்னு ஒண்ணு இருக்குண்ணே. கீழே உடம்பு இளைக்க மாத்திரைன்னு ஒண்ணு. நடுவுலே... நம்ம கடிகாரக்காரர் காலமானார். தோள் தேவை. மருத்துவமனைப் பின்வாசல்... அய்யோ, இத நான் பார்க்கவே இல்லியே!"

உட்கார் தங்கச்சி. அம்மா, கேட்டீர்களா? யாரும் உங்கள் கணவரை ஒதுக்கவில்லை. யாருடைய கடிகாரமும் பாக்கி இல்லை. அந்தத் துணி மூட்டையை அவிழ்த்துவிடுங்கள்.

அந்தச் செய்திக்குப் பக்கத்தில் 'ஸ்பேம் அல்ல' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்குங்கள். என்ன தாயே? சாவுச் செய்தியை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டுவரவா என்று கேட்கிறாயா? ஆமாம், கொண்டு வா! வாசலில் வைக்காதே, நடுவீட்டில் வை! அந்த மனிதர் உன் வீட்டுச் சாவுக்கு வந்தாரே, அப்போது தீட்டுப் பார்த்தாரா? அவர் செய்தி உன் போனில் ஒரு மூலையில் கிடந்தால் குடியா முழுகிவிடும்? அமுக்கு தாயே! அமுக்குங்கள் எல்லோரும்! கடிகாரக்காரர் குப்பை அல்ல! அவர் சாவு வேண்டாத செய்தி அல்ல!

இதனால் அவர் திரும்பி வரப் போகிறாரா? வரமாட்டார். இரவல் தோளில் போனவர் போனவர்தான். அந்தக் கசப்பை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், அதையும் கிழித்துவிடாதீர்கள்.

நம் விதியை மட்டும் இன்றோடு மாற்றுவோம். இனி செய்தி வந்தால் பதில் எழுதுங்கள். ஒரே ஒரு சொல் போதும்: வருகிறேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு நெடுநேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். அது வரவில்லை என்றால் செயலாளர் உங்கள் கதவைத் தட்டுவார்.

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கும், இடையில் கைத்தட்டி எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்த கைகளுக்கும், இந்தக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் கூட்டி வந்த என் கண்களுக்கும் நன்றி. தலைவர் ஐயா கொடியைக் காட்டுகிறார், இறங்குகிறேன். உங்கள் தோள்கள் எல்லாம் நலமாக இருக்கட்டும். வணக்கம்.