சப்மரீனை மூடுங்கோ

"அக்கா, அந்தச் சப்மரீனை முதல்ல மூடுங்கோ."

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்து வந்த குரல் அது. அறுபதைத் தாண்டிய இரண்டு சகோதரிகள். மூத்தவரின் மடியில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம்; விரித்த பக்கத்தில் பெரிதாக ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் படம். இராணுவத் திரில்லர் நாவல்களில் வரும் கப்பல், துவக்கு, ஆள் எல்லாவற்றையும் படத்தோடு விளக்கும் வழிகாட்டி. கொள்ளுப்பிட்டியில் ஏறிய ஒரு சிப்பாய் அவர்களருகே நின்றிருந்தான்.

"ஆமி நிக்கிறான், அக்கா."

"நிக்கட்டும். இது கதைப் புத்தகத்துக்கு விளக்கம்."

"படத்தைப் பாத்தா கதையெண்டு அவனுக்கு விளங்குமோ? தாங்கோ, பேப்பரால மூடிவிடுறன்."

"முந்திச் சண்டைக் காலத்திலயும் நீ இப்பிடித்தான். செக்பொயின்ற்றுக்குப் பயந்து என்ர புத்தகங்களுக்கெல்லாம் முருகன் கலண்டரால உறை போட்டனீ. போட்டும் உனக்குப் பயம் போகேல்லை. ரவுண்டப் எண்டு ஆமி தெருவைச் சுத்தி வளைச்ச உடனே, நான் பாதி வாசிச்ச நாவலை அடுப்பில போட்டு எரிச்சனீ."

"அண்டைக்கு வீடு செக் பண்ண வந்தவங்கள்தானே?"

"வந்தவங்கள். அந்த நாவலில வந்த சப்மரீன் தப்பினதோ இல்லையோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. இதில எல்லாக் கதையின்ர முடிவும் கிடக்கு. அந்தப் பக்கத்துக்கு இப்பதான் வந்திருக்கிறன். மூடமாட்டன்."

அவர் புத்தகத்தை மடியிலிருந்து தூக்கி, முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். சிப்பாய் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கைபேசிக்குத் திரும்பினான்.

பஸ் கோட்டையைத் தாண்டியது. தங்கை மெல்லக் கேட்டார்.

"தப்பினதோ?"

"எரிச்ச ஆக்களுக்குச் சொல்லமாட்டன்."