ஈஸ்டருக்கு மூடிவைத்த குடுவை

சிக்னே: ...பொய்க்காரின்னு சொல்லிட்டான், ஆஸ்முண்ட்! எல்லார் முன்னாடியும்!

ஆஸ்முண்ட்: யாரு, ஹால்வாரா? லேப்ல மேற்பார்வைக்கு நிக்கிறவன் அப்படித்தான். மூக்கைச் சொறியாம காப்பியக் குடி.

சிக்னே: காப்பி ஒண்ணுதான் கேடு! ரிப்போர்ட்டை ஏத்துக்கலைன்னா நாம ரெண்டு பேரும் பரீட்சையே எழுத முடியாது. தெரியுமில்ல?

ஆஸ்முண்ட்: தெரியும்... கணக்கை இன்னொருவாட்டி...

சிக்னே: மூணுவாட்டி போட்டாச்சு! ஆசிடும் ஆல்கஹாலும் சம அளவு. இன்னிக்கு மத்தியானம் அளந்தா ஆசிட் பாதி மிச்சம். அப்போ ஆல்கஹாலும் பாதி. மறுபாதி எஸ்டராவும் தண்ணியாவும் மாறிடுச்சு. உண்டானது ரெண்டையும் பெருக்கு, மிஞ்சினது ரெண்டையும் பெருக்கு, வகு. சமநிலை மாறிலி ஒண்ணு! இதுல எங்கடா தப்பு?

ஆஸ்முண்ட்: கணக்குல... தப்பே இல்ல.

சிக்னே: மத்தவங்களுக்கெல்லாம் நாலு வந்திருக்காம். "உங்க குடுவை இன்னும் சமநிலைக்கே வரல, கலந்து ஒரு வாரம் ஆச்சுன்னு பொய் சொல்றே"ங்கிறான்! ஈஸ்டர் லீவுக்கு முன்னாடி நீ கலந்து மூடி வெச்சே. தினமும் நான் வந்து குடுவை வைக்கிற வெந்நீர்த் தொட்டியோட சூட்டைப் பாத்தேன். நீ மலைப்பனியில சறுக்கி விளையாடிட்டு, மூஞ்சி பூரா வெயில்ல கருத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையா, கரடி மாதிரி வந்து நிக்கிறே. நான் இங்க பெர்கன் ஊர் மழையில வாரம் பூரா நனைஞ்சேன்! எனக்கா பொய்க்காரிப் பட்டம்? இப்பவே துறைத் தலைவர்கிட்ட போறேன்.

ஆஸ்முண்ட்: ஐயோ, போகாத! உக்காரு...

சிக்னே: ஏன்?

ஆஸ்முண்ட்: அன்னிக்கு... ரயிலுக்கு நேரமாயிடுச்சு. அப்பா வேற போன் மேல போன். அதான்... கலக்கல.

சிக்னே: என்ன கலக்கல?

ஆஸ்முண்ட்: எதையுமே. இன்னிக்குக் காலையில வந்துதான் ஊத்தினேன்.

சிக்னே: அடப்பாவி! உன்னை நம்பி நான் அவன்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா...

ஆஸ்முண்ட்: இரு, இரு. தினமும் வந்து பாத்தேன்னியே... தொட்டியில நம்ம குடுவையே இல்லியே. கண்ணுல படலியா?

சிக்னே: காப்பி ஆறுது, குடி.

ஆஸ்முண்ட்: வாரம் பூரா மழைன்னும் சொன்னே. அப்புறம் அந்த மூக்குத் தோல் எந்த வெயில்ல உரிஞ்சுது?

சிக்னே: ...எங்க மலைவீட்டுக்குப் பின்னாடி. இந்த வருஷம் நல்ல பனிடா.