போய்ச் சேர்ந்தவர்

“நான் செத்துப்போனேன்னு யார்ட்டட்டி சொன்ன?” என்று பின் இருக்கையில் ஒருவர் தன் மனைவியிடம் கேட்டார். திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் வரும் டவுன் பஸ். எனக்குக் காது மந்தம் என்று வீட்டில் புகார் உண்டு. பஸ்ஸில் அந்தக் குறை இருப்பதில்லை.

“செத்துட்டியன்னு நான் எங்க சொன்னேன்? ஓட்டு லிஸ்ட் சரிபாக்க வந்த டீச்சர், ‘வீட்டுக்காரர் எங்கே’ன்னு கேட்டாவ. அன்னைக்குக் காலையிலதான் நீங்க திருப்பூர்ல இறங்கிட்டு போன் பண்ணுனிய. ‘நல்லபடியா போய்ச் சேந்துட்டாவ’ன்னேன்.”

“அதுக்கு அந்த டீச்சர் ஒண்ணும் கேக்கலயா?”

“கையப் பிடிச்சு ஆறுதல் சொன்னாவ. நீங்க தூரமா இருக்கதுக்குச் சொல்லுதாவன்னு நினைச்சேன்.”

“லிஸ்ட்ல என் பேர எடுத்துட்டு ‘இறப்பு’ன்னு போட்டிருக்கு. ரேஷன் கார்டு உன் பேர்ல, வீடு எங்கண்ணன் பேர்ல. ஊர்ல எனக்குன்னு இருந்தது அந்த ஓட்டு ஒண்ணுதான். இப்பம் லீவு போட்டு வந்து, உயிரோட இருக்கேன்னு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். திருப்பூர்ல வேலை பாக்காவன்னு சொல்லியிருக்கலாம்லா?”

“பக்கத்து வீட்ல அப்படித்தான் சொன்னாவ. அந்த அண்ணாச்சி பேர ‘இடம் மாறிட்டார்’னு எடுத்துட்டாவ.”

நான் விரித்த பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டாமல் வைத்திருந்தேன்.

“அப்பம் என்னதான் சொல்லணும்?”

“வீட்ல இருக்காவன்னு சொல்லணும்” என்றாள் அவள். “அதுக்கு நீங்க வீட்ல இருக்கணும்லா.”