லிகாயா தேடிய கேமரா

நெருங்கி உட்காருங்கள்... இது என் கூட்டாளி நார்சிங்கின் தங்கை லிகாயாவுக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. சுற்றுலாப் படகுகள் எல்லாம் பிலிப்பைன்ஸின் கோரோன் துறைக்குத் திரும்பிவிட்டன. கடலில் ஒரே ஒரு படகு, நார்சிங்கினுடையது. அதற்கு நேர் கீழே, பதினைந்து ஆள் ஆழத்தில், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜப்பான் சரக்குக் கப்பல்.

அதன் இயந்திர அறைக்குள்தான் லிகாயாவின் கணவன் ருவெல் செத்துப்போனான். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்த சின்னக் கேமராவோடு படமெடுக்கப் போனவன். சேறு கிளம்பி... வழி தெரியாமல்... முதுகு உருளையில் காற்று தீர்ந்துவிட்டது. மறுநாள் உடலை எடுத்தார்கள். கேமரா கிடைக்கவில்லை.

பதினொரு மாதமாக, ஞாயிறு தவறாமல், லிகாயா அதைத் தேடி முங்கினாள்.

"போதும்டி. அந்தக் கேமரா வந்தா அவன் வந்துருவானா?" என்றான் நார்சிங்.

"கடைசியா அவரு என்னத்தப் பாத்தாருன்னு எனக்குத் தெரியணும்ணே."

"என்னத்தப் பாத்திருப்பான்... சேத்தத்தான்."

அவள் படகு விளிம்பிலிருந்து கடலில் சாய்ந்தாள்.

அன்று கிடைத்துவிட்டது. இயந்திர அறையின் வாசலிலேயே. அவள் நூறு தடவை துழாவிய இடம். பாசி இல்லை, சேறு இல்லை. இப்போதுதான் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல...

படகில் ஈர ரப்பர் வாடை, டீசல் வாடை. லிகாயா பொத்தானை அழுத்தினாள். விர்ர்... கேமராவுக்கு உயிர் வந்தது.

"பதினொரு மாசமா சார்ஜே இல்லாம எப்படிடி..." என்றான் நார்சிங்.

முதலில் மீன்கள். ஒரு கடல்குதிரை. பிறகு சேறு. சேறு. இரும்புச் சுவர். ருவெலின் கை. மறுபடி சேறு...

அடுத்த படத்தில் தண்ணீர் தெளிந்திருந்தது. இருட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்த படம். தூரத்தில் யாரோ நீந்துகிறார்கள். ஒரு காலில் மஞ்சள் நீச்சல் துடுப்பு, மறுகாலில் கறுப்பு.

லிகாயா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

ஒவ்வொரு படத்திலும் அவள்தான். ஒவ்வொன்றிலும் தேதி. எல்லாம் ஞாயிறு. எல்லாம் ருவெலைப் புதைத்த பிறகு. படத்துக்குப் படம் அவள் கிட்டே வந்துகொண்டிருந்தாள்... அல்லது கேமரா வந்துகொண்டிருந்தது.

"கீழ அடிக்கடி டிக், டிக்னு கேக்கும்ணே," என்றாள் மெல்ல. "இறால் கொடுக்கைச் சொடுக்குதுன்னுல்ல நெனச்சேன்."

கடைசிப் படம் அன்றைய தேதி. அவளுடைய பிடரி. சாண் தூரம்கூட இல்லை.

"தூக்கிக் கடல்ல போடுடி!"

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உயிரோட இருந்தப்ப மீனைத்தான் எடுப்பாரு, பாவி மனுஷன்..."

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். நார்சிங் எவ்வளவோ கெஞ்சியும், இன்றுவரை வாரம் தவறாமல் முங்குகிறாள். எதையும் தேடுவதில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காற்று தீரும் மட்டும் சும்மா நிற்கிறாளாம்.

முங்குவதற்கு முன் படகில் உட்கார்ந்து தலை வாரிக்கொள்கிறாள். பின்பக்கம் மட்டும்.