பசியோடு போன வீடு

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் நிற்பவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன் ஆசனத்தில் இருந்த இரு பெண்களில் இளையவள் சொன்னதைக் கேட்டதும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"மௌத்தான வீட்டுக்குப் போய், பசிக்குது, ஆக்கித் தா எண்டு கேட்டன் ராத்தா."

"உனக்கு வெக்கமில்லையா புள்ள? புருசன் மௌத்தாகி, துக்கம் காத்து இத்தாவில இருக்கிறவள்கிட்டயா கேட்ட?"

"எல்லாரும் சோறு கொண்டு போறாங்க, சபுர் செய், பொறுத்துக்க எண்டு சொல்றாங்க. அவள் ஒரு வாய் திங்கல்ல, ஒரு சொல்லுக் கதைக்கல்ல. நான் பச்சை மீனோட போனன்."

"ஏசினாளா?"

"நல்லா ஏசினாள். ஏசிக்கிட்டே புளியாணம் காய்ச்சினாள். காய்ச்சக்குள்ள, அவருக்கு இன்னும் கொஞ்சம் புளி வேணும் எண்டு தானாவே சொன்னாள். அதோட அழுகை. பிறகு பின்னேரம் வரைக்கும் அவரைப் பத்தியேதான் கதைச்சாள்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ற? திண்டன். அவளும் என்னோட இருந்து திண்டாள்."

நிந்தவூர்ச் சந்தையடியில் இளையவள் வெறும் பையோடு எழுந்தாள்.

"இங்க ஏன் இறங்கிறாய்?"

"மீன் வாங்க. அடுத்த முறை வரக்குள்ள கீரிமீன் கொண்டு வா எண்டு அவளே சொல்லி அனுப்பினாள்."

கல்முனைக்கு டிக்கட் எடுத்திருந்த ராத்தாவும் எழுந்தார்.

"நில்லு புள்ள. எனக்கும் பசிக்குது."